முதலில் பெயரை எழுதுங்கள்

மாத்தளை மாவட்டத்து உக்குவளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ரயில் நிலையத்துக்குக் கிட்டே பழைய வீடு. பூட்டனார் காலத்தில் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அரிசியும் சாமானும் கொடுத்துவந்த குடும்பம். வீட்டைத் திருத்திக் கட்டுவதற்காக அலுமாரிக்கு மேலே கிடந்த தகரப்பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். உள்ளே நூற்றுக்கணக்கில் படங்கள். மட்டையில் ஒட்டிய பெரிய ஸ்டூடியோப் படங்கள், கறுப்புத் தாள் அல்பம் இரண்டு, எண்பதுகளில் வாங்கிய பிளாஸ்டிக் அல்பங்கள், நெகட்டிவ் துண்டுகள், பிஸ்கட் டின் ஒன்றில் கண்ணாடித் தகடுகள். சுவரில் மாலை போட்டுத் தொங்குபவை வேறு. எல்லாவற்றையும் ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் பண்ணிவிடலாமா என்பது அவருடைய கேள்வி. கடிதத்தின் கடைசி வரியில் இன்னொரு செய்தியும் இருந்தது: வீட்டில் தொண்ணூறு தாண்டிய அப்பாயி இருக்கிறார், பார்வை மங்கிவிட்டது, ஞாபகம் மட்டும் தெளிவாக இருக்கிறது.

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கறுப்பு வெள்ளைப் படம் எண்பது, நூறு ஆண்டு அந்தப் பெட்டியில் இருந்துவிட்டது. பெட்டியைக் காய்ந்த இடத்தில் வைத்தால் இன்னும் ஆறு மாதம் இருப்பதில் அதற்கு ஒரு சிரமமும் இல்லை. அப்பாயி சொல்லக்கூடிய பெயர்கள் வேறெங்கும் எழுதப்படவில்லை. ஆகவே ஸ்கேனரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரமே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மலையக மக்களைப் படம் பிடித்தவர்களுக்குக் குறைவில்லை. ஜூலியா மார்கரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இறக்கும்வரை இங்கே தமிழ்த் தொழிலாளர்களைப் படமெடுத்தார். கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த சார்ல்ஸ் ஸ்கோவன், கொழும்பின் ஸ்கீன் கம்பனி, 1890இல் தொடங்கிய பிளாட்டே எல்லோருமே தோட்டக் காட்சிகளை எடுத்து விற்றார்கள். அந்தப் படங்கள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண், கூலி, தமிழ்ப் பெண் என்று கீழே எழுதியிருக்கும். அநேகமான படங்களில் பெயர் இருக்காது. தாள் பிழைத்தது, ஆள் யாரென்று தெரியாமல் போயிற்று. உங்கள் தகரப்பெட்டியில் இருப்பவர்களுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவதுதான் இந்த வேலையின் முதல் பாகம், முக்கியமான பாகமும் அதுதான்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணைப் படத்தின் பின்புறம் ஓரத்தில், மென்மையான 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். படத்தைச் சுத்தமான கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து எழுதினால் முன்பக்கம் எழுத்து புடைக்காது. போல்பொயிண்ட் பேனா கூடவே கூடாது. மை ஆண்டுக்கணக்கில் ஊறி முகத்தில் வந்து நிற்கும். எழுபதுகளுக்குப் பிறகு வந்த வழவழப்பான கலர் படங்களின் முதுகில் பென்சில் பிடிக்காது. அவற்றை உறையில் போட்டு, உறைமேல் எண்ணை முதலே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பாயிக்குப் பார்வை மங்கல் என்பதால் அசல் படத்தை அவர் கையில் கொடுத்துச் சிரமப்படுத்த வேண்டாம். கைப்பேசியில் படமெடுத்து, டெப்லட்டிலோ டிவியிலோ ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டுங்கள். காலை வெளிச்சத்தில், அவர் களைக்கும் முன், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து படம் போதும். இன்னொரு கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதன் எண்ணை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கேட்கும்போது எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

பேச்சு இப்படித்தான் போகும்:

“இது யாருங்க அப்பாயி, தலப்பா கட்டிக்கிட்டு?”

“அது பெரியண்ணன்.”

“யாருக்குப் பெரியண்ணன்? ஒங்களுக்கா, தாத்தாவுக்கா?”

“எங்கப்பாவுக்கு. எல்லாரும் பெரியண்ணன்னுதான் கூப்புடுவோம். வத்தேகமையில கட வச்சிருந்தாரு.”

இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் தவறான தலைமுறையில் போய் நின்றிருப்பார். நம் உறவுமுறைகள் சொல்பவரைப் பொறுத்து மாறுகிறவை. உங்களுக்குச் சித்தப்பா, உங்கள் மகளுக்குச் சின்னத் தாத்தா. எனவே ஒரே ஆளை மையமாக வைத்துக்கொண்டு, எல்லோரையும் அவருக்கு என்ன உறவோ அப்படியே எழுதுங்கள். அதோடு முழுப்பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தோட்டத்தின் பெயர், தமிழ்நாட்டுப் பூர்வீக ஊர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். ஊரும் தோட்டமும்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். தோட்டத்துக்குப் பதிவில் ஓர் ஆங்கிலப் பெயர், ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் பல பதிவேடுகளில் இருக்காது.

கூட்டப் படமென்றால் மேலே டிரேசிங் தாளை வைத்துத் தலைகளின் விளிம்பை மட்டும் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, தனித்தாளில் பெயர் எழுதலாம். அசலின்மேல் வரைந்தால் தடம் பதிந்துவிடும். பெரிதாக அச்செடுத்த நகலின்மேல் வரையுங்கள்.

பெண்களின் பெயரைத் துருவிக் கேளுங்கள். ‘கணக்கப்பிள்ளை சம்சாரம்’, ‘ராமன் அம்மா’ என்பதோடு பதில் நின்றுவிடும். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று இன்னொரு தடவை கேட்டால்தான் வரும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். யார் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

மரண வீட்டுப் படங்கள் இருக்கும். பிரேதத்தை நாற்காலியில் சாய்த்தோ பாடையில் வைத்தோ சுற்றிலும் உறவினர் நிற்க எடுத்தவை. இளையவர்கள் இவற்றைப் பார்க்கக் கூசி, கிழித்துப் போடவோ எரித்துவிடவோ துடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். வெவ்வேறு தோட்டங்களில் சிதறி வாழ்ந்த ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றுசேர்ந்து நின்ற ஒரே தருணம் பல வீடுகளில் அதுதான். கலியாணத்துக்கு வராதவர் சாவுக்கு வந்திருப்பார். தனி உறையில் போட்டு, என்ன படம் என்று வெளியே எழுதி வைத்தால், பார்க்க விரும்பாதவர் கண்ணில் படாது.

பெட்டியில் இல்லாத ஆட்களையும் கேளுங்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகக் குடும்பங்களைக் கடலுக்கு இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டது. அக்காள் கூடலூரில், தம்பி உக்குவளையில் என்று ஆகிவிட்ட வீடுகள் எத்தனையோ. போகும்போது ஆளுக்கொரு பிரதி கொண்டு போயிருப்பார்கள். இங்கே முதுகு வெறுமையாக இருக்கும் படத்துக்கு அங்கே உள்ள பிரதியில் பெயரும் தேதியும் எழுதியிருக்கலாம். வட்ஸ்அப் குழுவில் படங்களைக் கொத்தாகக் கொட்டினால் ‘அருமை’ என்ற பதில்தான் வரும். ஒரு படத்தை மட்டும் அனுப்பி, வலது கோடியில் நிற்பவர் யார் என்று கேட்டால் பெயர் வரும்.

இனித் தேதி. வாசகி கைப்பேசியில் எடுத்தனுப்பிய ஒரு படத்தையே பார்ப்போம். நாற்காலியில் கோட்டும் வேட்டியுமாக ஒருவர், பக்கத்தில் நாற்காலி முதுகைப் பிடித்தபடி ஒரு பெண், முன்னால் ஒரு பையன். பையனின் சப்பாத்து அவன் காலுக்கு மிகப் பெரியது. ஸ்டூடியோவில் மாட்டிவிட்டதாக இருக்க வேண்டும். பின்னால் தூண்களும் ஏரியும் வரைந்த திரை, அது தரையைத் தொடுமிடத்தில் கசங்கியிருக்கிறது. கோட்டின் கறுப்புப் பகுதியைச் சாய்த்துப் பிடித்தால் நீலம் கலந்த ஒரு வெள்ளிப் பளபளப்பு. பின்புறத்தில் மையால் எழுதியிருக்கிறது: பார்த்திப ௵ தை ௴.

பழைய ஆட்கள் வருஷத்துக்கும் மாதத்துக்கும் இந்தக் குறிகளைத்தான் போடுவார்கள். பார்த்திப வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும்: 1885, 1945, 2005 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியவை. இவற்றில் எது? அந்த வெள்ளிப் பளபளப்பு பதில் சொல்கிறது. ஜெலட்டின் பூசிய தாளில் உள்ள வெள்ளி, காற்றும் ஈரமும் பட்டு மேலே ஏறி வந்து படிவதால் உண்டாவது அது. 1885இல் புழங்கியது பெரும்பாலும் முட்டை வெண்கரு பூசிய அல்புமென் தாள். அது மெல்லியது, மட்டையில் ஒட்டியிருக்கும், வெளிர் பகுதிகள் மஞ்சளித்துப் பழுப்பேறும். ஆகவே 1945 தான். தை மாதம் என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1946 ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவுக்குள். உக்குவளை முஸ்லிம் வீடுகளிலும் இதே வேலையைச் செய்யலாம். அங்கே பின்புறத்தில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும், சில வேளை குறிப்பே அரபுத் தமிழில் இருக்கும். ஹிஜ்ரி 1365 என்றால் 1945 டிசம்பரிலிருந்து 1946 நவம்பர் வரை. வாசிக்கத் தெரிந்த பெரியவரிடம் காட்டி அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.

எழுத்தே இல்லாத படத்திலும் தடயம் உண்டு. ஸ்டூடியோ முத்திரையில் நாட்டின் பெயர் சிலோன் என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது, ஸ்ரீலங்கா என்றிருந்தால் பிந்தியது. காரின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து தெரிந்தால் ஐம்பதுகளின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ எடுத்தது. அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழர் நடத்திய போராட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பின்னணியில் உக்குவளை மின்நிலையம் தெரிந்தால் 1976க்கு முன்னால் போக முடியாது, பொல்கொல்லையிலிருந்து மகாவலித் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து சேர்ந்தது அப்போதுதான். சில பிரதிகளின் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அது கழுவி அச்சிட்ட தேதி, படம் எடுத்த தேதி அதற்கு முந்தியது.

ஒரு எச்சரிக்கை. மட்டையில் பிளாட்டே, ஸ்கீன் என்று பெயர் இருந்து, உள்ளே கொழுந்து பறிப்பவர்களோ கோவிலோ இருந்தால், அது கடையில் விலைக்கு வாங்கிய காட்சிப் படமாக இருக்கலாம். குடும்பத்தில் யாரோ என்று எண்ணிப் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

பெயரும் தேதியும் சேர்ந்துகொண்டிருக்கும்போதே பெட்டியைக் கவனிக்கலாம். முதலில், எதையும் கலைக்காதீர்கள். ஆண்டு வாரியாகவோ ஆள் வாரியாகவோ அடுக்கப் பலருக்கும் கை துறுதுறுக்கும். யார் எந்தப் படத்தை எதோடு சேர்த்து வைத்தார் என்பதே ஒரு சாட்சியம். பெயர் தெரியாத ஒருவர், தெரிந்த ஒரு கலியாணத்துப் படங்களுக்கு நடுவில் கிடந்தால், அந்தக் கலியாணத்துக்கு வந்தவர் என்று ஊகிக்கலாம். பெட்டி இருந்தபடியே ஒரு படம், ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும்போது ஒரு படம் என்று கைப்பேசியில் எடுத்து வையுங்கள். ஆண்டுவாரி அடுக்கை ஸ்கேன் பிரதிகளில் எத்தனை விதமாகவும் செய்யலாம். கூடவே கிடக்கும் கடிதம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமை மனு, துண்டுச் சீட்டு, பாஸ்போர்ட் எதையும் எறிய வேண்டாம். கூட்டப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பாஸ்போர்ட்டுக்கு ஒட்டிய வீடுகள் உண்டு. அந்த ஓட்டை விழுந்த படமும் குடும்ப வரலாறுதான்.

கறுப்புத் தாள் அல்பத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்து, பக்கங்களுக்கு நடுவே மெல்லிய அமிலமில்லாத் தாள் செருகினால் போதும். ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் உறையும் உள்ள அந்த எண்பதுகளின் அல்பங்களிலிருந்துதான் படங்களைக் காப்பாற்றி எடுக்க வேண்டும். பசை வருஷம் ஏற ஏறக் கெட்டியாகிறது, பிளாஸ்டிக் பல வேளைகளில் பீவீசீ, அதன் ஆவி படத்தைத் தின்கிறது. பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பல படங்கள் வந்துவிடும். வராததை நெம்ப வேண்டாம். பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு, படத்தைச் சுற்றிப் பக்கத்தையே வெட்டி எடுத்து வையுங்கள்.

சுவர்ப் படங்கள் தனி வேலை. சாமியறையில் தொங்கும் படத்துக்குக் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம், எதிரில் விளக்கெரிகிறது, சாம்பிராணி போடுகிறோம். மழைக் காலத்தில் சுவர் ஈரம் பின்பலகை வழியாக ஏறுகிறது. பின்பலகைக்கும் மட்டைக்கும் நடுவில் இராமபாணப் பூச்சி குடியிருக்கிறது. இதற்கு ஒரே வழி, நல்ல நகல் ஒன்றை எடுத்துச் சட்டத்தில் மாட்டி, மாலையும் பொட்டும் அதற்கே வைத்து, அசலைப் பெட்டிக்குள் கொண்டுபோவது. தாத்தாவுக்குச் செய்யும் மரியாதையில் இதனால் ஒரு குறையும் வராது. சட்டத்தைப் பிரிக்கும்போது படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் பண்ணி, கண்ணாடியோடேயே பத்திரப்படுத்துங்கள். கையால் வண்ணம் பூசிய பழைய படங்களில் ஈரத் துணி படவே கூடாது.

உக்குவளைக்கு ஏற்ற பெட்டி எது? வெளிநாட்டு நூல்கள் சொல்வது குளிரூட்டிய அறையை. சுது கங்கைப் பள்ளத்தாக்கில், ஐப்பசியில் தொடங்கி மார்கழி கடந்தும் மழை கொட்டும் ஊரில் நமக்கு முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். 30க்கும் 50க்கும் இடையில் வைத்திருப்பது நல்லது. அதற்கு ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பொலிப்ரொப்பிலீன் பெட்டி வாங்குங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். 3 என்றிருந்தால் அது பீவீசீ, வேண்டாம். துணிப் பையில் சிலிக்கா ஜெல் போட்டு உள்ளே வையுங்கள். ஈரம் ஏறினால் நிறம் மாறும் வகை கிடைக்கிறது, ஆரஞ்சு நிறம் பச்சையாகும்போது எடுத்து மெல்லிய சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் உள்ளே இருக்கட்டும். காய்ந்த நாளொன்றில், படங்கள் ஈரமில்லாதிருக்கும்போதுதான் மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணத்தை நீங்களே உள்ளே வளர்ப்பீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனிக் காகித உறை நல்லது. நம் காலநிலையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் சிக்கினால் படம் அதோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நான் காகிதத்தையே சொல்வேன். அமிலமில்லாத தாள் என்று கேட்டு, ஓவியப் பொருள் விற்கும் கடையில் வாங்கி, வீட்டிலேயே மடித்துக்கொள்ளலாம். பத்திரிகைத் தாள், காக்கி உறை, ரப்பர் பட்டி, கிளிப், செலோடேப் எல்லாம் வெளியே. பூச்சி உருண்டையும் வெளியே. அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் படத்துக்கு நல்லதல்ல. வேப்பிலை, வசம்பு ஏட்டுச் சுவடிக்குப் பழக்கமானவை; படத்தின்மேல் பட்டால் கறை விழும், அலுமாரியின் வேறு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இருக்க வேண்டிய இடம் வீட்டின் நடு அறையில், இரும்பு அலுமாரியில், தரையிலிருந்து உயர்ந்த தட்டு. தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணும் குளியலறைச் சுவரும் ஆகாது.

பிஸ்கட் டின்னில் இருக்கும் கண்ணாடித் தகடுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, நீளப் பக்கம் அடியில் இருக்க நிறுத்தி வையுங்கள். மங்கலாக இருக்கும் பக்கத்தில்தான் படம் உள்ளது, அதைத் துடைக்காதீர்கள். பிலிம் நெகட்டிவ்களை மோந்து பார்க்க வேண்டும். வினாகிரி வாடை வந்தால் அசிட்டேட் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அதுதான். ஐம்பதுகளுக்கு முந்திய பிலிமின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் இல்லாமல், பிசுபிசுப்பாகவோ பழுப்புத் தூளாகவோ இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்படிக்கும் வெயிலுக்கும் தூரமாகத் தனியே வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். படம் கையில் இருக்கிறதே, நெகட்டிவ் எதற்கு என்று எறிந்துவிடாதீர்கள். 1944இல் இறந்த லயனல் வென்ட் இந்த நாடு கண்ட பெரிய படப்பிடிப்பாளர். அவர் மறைவுக்குப் பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் அச்சிட்ட பிரதிகளை நம்பித்தான் இன்று அவரை அறிகிறோம்.

இப்போது ஸ்கேன். கடைக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள், உருளைக்குள் இழுக்கும் மெஷினில் பழைய மட்டை முறிந்துவிடும். மேலே மூடி திறக்கும் தட்டை ஸ்கேனர் ஒன்றைக் குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம், வேலை முடிந்தபின் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். அச்சுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி, பாஸ்போர்ட் அளவுக்கு 1200, நெகட்டிவுக்கு 2400க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளையையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அந்தப் பழுப்பு, அந்தக் கறை, முதுகில் உள்ள மை எல்லாம் தகவல்தான். டிஃப் வடிவில் மூலக் கோப்பு. 4க்கு 6 அங்குலப் படம் 600இல் ஏறக்குறைய 26 மெகாபைட் வரும். பகிர்வதற்குத் தனியாக ஜேபெக். பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது அல்பம், பக்கம், படம் என்று எண்களாகவே போடுங்கள், 02-014-3 என்பதுபோல. ஆள் பெயர், கதை எல்லாம் ஒரு பட்டியலில் அதே எண்ணுக்கு எதிரே. அந்தப் பட்டியலை அச்செடுத்துப் பெட்டிக்குள்ளும் வையுங்கள். கணினி போனாலும் தாள் பேசும்.

மூன்று பிரதி: ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில். கொழும்பில் இருக்கும் மகனிடமோ கனடாவில் இருக்கும் மருமகளிடமோ. 1983 ஜூலையில் மாத்தளையில் வீடு கடை எரிந்தவர்களிடம் கேட்டால், எல்லாம் ஒரே கூரைக்கடியில் இருந்ததன் விலை என்ன என்று சொல்வார்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியது பிரதியாகாது, அது சுருக்கிவிடும்; டொகுமெண்டாக அனுப்ப வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பழைய படத்தை நொடியில் கலராக்கிக் கண்ணைக் கூர்மையாக்கித் தருகின்றன. பார்க்கப் பரவசம்தான். மங்கிய இடத்தில் அவை நிரப்புவது வேறெங்கோ படித்த முகங்களின் சராசரியை. அந்த மூக்கு உங்கள் கொள்ளுப்பாட்டியின் மூக்கு அல்ல. சேலை நிறமும் கற்பனை. அப்பாயியின் பிறந்தநாளுக்கு வேண்டுமானால் செய்து கொடுங்கள், கோப்பின் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று எழுதுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

வெள்ளம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மத்திய மலைநாட்டை உலுக்கியபோது வெள்ளத்திலும் மண்சரிவிலும் எத்தனையோ வீடுகளோடு படங்களும் போயின. சேற்றில் கிடந்து கிடைத்த படம் கைவிட வேண்டியதல்ல. 2011 ஆழிப்பேரலைக்குப் பின் ஜப்பானில் தொண்டர்கள் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைக் கழுவிக் காயவைத்து உரியவரிடம் சேர்த்தார்கள். நேரம்தான் முக்கியம். நம் வெக்கையில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒட்டிக்கொண்டிருக்கும் கொத்தைக் காயவிடாதீர்கள், காய்ந்தால் பிரியவே பிரியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் மூழ்கவிட்டு மெல்லப் பிரித்து, முகத்தைத் தொடாமல் அலசி, முகம் மேலே பார்க்க உறிஞ்சும் தாளில் நிழலில் பரப்புங்கள். வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். ஒரே நாளில் முடியாத அளவு இருந்தால் நடுவே மெழுகுத் தாள் வைத்து, பொலித்தீன் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்துவிடலாம். பிறகு ஆறுதலாகச் செய்யலாம். கண்ணாடித் தகடுகளை மட்டும் உறைய வைக்கக் கூடாது, தண்ணீரிலும் போடக் கூடாது.

வேலை பாதியில் இருக்கும்போதே பங்குப் பேச்சு வரும். பிள்ளைகளுக்குள் அசலைப் பிரித்துக் கொடுத்தால் தொகுப்பு உடைந்துவிடும். அசல் ஒரே இடத்தில் இருக்கட்டும், எல்லோருக்கும் முழு ஸ்கேன் பிரதி கொடுங்கள். வீட்டுக்கு வெளியே கொடுக்க விரும்பினால் இடங்கள் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் தன்னுடைய ஆவணகம் தளத்தில் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது. அப்பாயியின் குரலும் அங்கே போகலாம். கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் தோட்ட வாழ்வின் பொருட்களைக் காக்கிறது. இந்தியாவில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியுடன், 1880 முதல் 1980 வரையான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி ஸ்கேன் செய்தது. அதைப்போல ஒரு வேலை மாத்தளை மாவட்டத்துக்கும் வேண்டும், உங்கள் பெட்டி அதன் முதல் பெட்டியாக இருக்கலாம்.

கொடுக்கும்போது நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுப்பதானால் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுங்கள். எந்தப் படத்தை எல்லோரும் பார்க்கலாம், எதைக் குடும்பம் மட்டும் பார்க்கலாம் என்பதையும் அதில் எழுதுங்கள். தன் படம் வெளியே போவதை விரும்பாத பெண்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். இறந்துவிட்டார் என்பதால் அவர் விருப்பம் இல்லாமல் போய்விடாது. முகநூலில் போடும் முன் அவருடைய பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருஷத்துக்கு ஒருநாள் இந்தப் பெட்டிக்கென்று ஒதுக்க வேண்டும். உக்குவளையில் மழை ஓய்ந்து வெயில் காயும் மாசி மாதம் தோதானது. மூடியைத் திறந்து சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள், உறைகளில் புள்ளி விழுந்திருக்கிறதா, இராமபாணப் பூச்சியின் தடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஹார்ட் டிஸ்க்கைச் செருகிச் சில கோப்புகள் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். ஐந்தாறு வருஷத்துக்கொருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். உங்களுக்குப் பின் இதை யார் பார்ப்பது என்று இப்போதே ஒருவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். கண்ணாடித் தகடுகள் பற்றி இன்னும் கேள்வி இருந்தால் ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம். அதற்குள் அப்பாயியோடு முதல் பதினைந்து படத்தை முடித்துவிடுங்கள்.